உழாத ஆண்டின் கணக்கு

குன்னூருக்கும் ஊட்டிக்கும் நடுவே கிடக்கும் கேத்திப் பள்ளத்தாக்கில் 1830-இல் சென்னை ஆளுநர் எஸ்.ஆர். லஷிங்டன் ஓர் அரசுச் சோதனைப் பண்ணையைத் தொடங்கினார். மேஜர் க்ரூ என்ற ராணுவ அதிகாரி அதற்குப் பொறுப்பாளர். ஐரோப்பியத் தானியம், காய், கனி இவற்றில் எதெல்லாம் இந்தக் குளிரில் தேறும் என்று பார்ப்பது நோக்கம். ஆறே ஆண்டில், 1836-இல், லண்டனில் இருந்த கிழக்கிந்தியக் கம்பெனி இயக்குநர்களின் உத்தரவால் பண்ணை மூடப்பட்டது. மூடுவதற்குச் சற்று முன்பு கல்கத்தாவிலிருந்து வந்து சேர்ந்த சில தேயிலைக் கன்றுகள் கேட்பாரற்றுக் கிடந்தன. புதுச்சேரியிலிருந்து வந்த பிரெஞ்சுத் தாவரவியலாளர் பெரோத்தே அவற்றைத் தேடிக் கண்டு பிழைக்க வைத்தார் என்பது நீலகிரித் தேயிலை வரலாற்றின் முதல் பக்கத்தில் இன்றும் எழுதப்படுகிறது. அரசின் வேளாண் சோதனை இந்த மலையில் கேத்தியில் தொடங்கியது என்பது சரி. ஆனால் மலையில் வேளாண் சோதனையே அங்குதான் தொடங்கியது என்று அதை வாசிக்கிறோமே, அந்த வாசிப்பில்தான் பிழை இருக்கிறது. க்ரூவின் பண்ணைக்குச் சுற்றிலும், அதே மண்ணில், அதே மழையில், இந்த மலையின் உழவர் சமூகமான படுகர்கள் பல தலைமுறையாக ஒரு சோதனையை நடத்திக்கொண்டிருந்தார்கள். அது பண்ணை மாதிரித் தெரியவில்லை. காரணம், அதன் பெரும்பகுதி எந்த ஒரு நாளிலும் வெறும் புல்லாகத்தான் கண்ணில் படும்.

கோயம்புத்தூர் ஆட்சியர் ஜான் சல்லிவன் 1819-இல் கோத்தகிரிப் பக்கம் ஏறிவந்து திம்பட்டியில் வீடு கட்டியபோது, அவர் கண்டது ஆளற்ற காடு அல்ல. தொதநாடு, பொரங்காடு, மேற்குநாடு, குந்தை என்று நான்கு சீமைகளாகப் பிரிந்த, ஹட்டிகள் என்ற படுகர் ஊர்கள் நிறைந்த நாடு அது. ஒவ்வொரு ஹட்டியையும் ஒட்டி, மாட்டுத் தொழுவத்தின் எரு தவறாமல் போய்ச்சேரும் தூரத்தில், ஆண்டுதோறும் உழும் நிலம் இருந்தது. அதற்கு அப்பால் சரிவுகளில், எரு சுமந்து போய்க் கட்டுபடியாகாத தூரத்தில், மாறி மாறி உழும் நிலம். அங்கே ராகி, சாமை, கொறலி, பார்லி, கோதுமை எல்லாம் விளைந்தன. கடுகும் பூண்டும் விற்பனைக்குப் போயின. கசகசாச் செடி வளர்த்து அபின் எடுத்ததையும் 19-ஆம் நூற்றாண்டு ஆவணங்கள் குறிப்பிடுகின்றன. தானியமாகச் சமைத்து உண்ணக் கீரை விதையைப் பயிரிட்டார்கள். அந்த வகைக் கீரையின் பூர்வீகம் அமெரிக்கக் கண்டம் என்பது தாவரவியலார் கருத்து. அப்படியானால் சல்லிவனின் தோட்டக்காரர் உருளைக்கிழங்கை ஊன்றுவதற்கு முன்பே வேறொரு அமெரிக்கப் பயிர் இந்த மலையில் ஏறி, சோதிக்கப்பட்டு, ஏற்றுக்கொள்ளப்பட்டிருக்கிறது. புதிய பயிரைக் கண்டு மிரண்டவர்கள் இதைச் செய்திருக்க முடியாது.

இந்தச் சாகுபடி முழுவதும் வானத்தை நம்பியது. ஆனால் நீலகிரியில் வானம் ஒன்றல்ல. தென்மேற்குப் பருவமழை மேற்குச் சரிவையும் குந்தையையும் அடித்துப் பெய்துவிட்டு, தொட்டபெட்டாவின் கிழக்கே வரும்போது களைத்துப் போகும். கோத்தகிரியும் குன்னூரும் ஐப்பசி, கார்த்திகையின் வடகிழக்குப் பருவமழையைத்தான் பெரிதும் நம்பியிருக்கின்றன. சில கல் தொலைவுக்குள் விதைக்கும் காலமே மாறிவிடும். இன்றைக்கும் மலைக்காய்கறி விவசாயிகள் கார்போகம், கடைபோகம், நீர்போகம் என்று ஆண்டை மூன்றாகப் பிரித்துப் பேசுகிறார்கள். இதில் முதல் இரண்டும் மழைக்கணக்குதான். படுகரின் உழவுக்குள் மலையின் மற்றக் குடிகளுக்கும் இடமிருந்தது. விதைப்பின் முதற்சாலை ஓட்டவும் முதல் விதை தூவவும் குறும்பர் வரவேண்டும். கொழுவும் அரிவாளும் கோத்தர் பட்டறையிலிருந்து வரும். அறுவடையில் ஒரு பங்கு தோடருக்குப் போகும். உரம் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கான விடையும் இந்த உறவுகளுக்குள்தான் ஒளிந்திருக்கிறது. உழாமல் விட்ட சரிவில் புல் வளர்ந்தது, புல்லை எருமை மேய்ந்தது. ஒருவருக்கு ஓய்வு நிலம், இன்னொருவருக்கு மேய்ச்சல் நிலம். ஒரே சரிவு இரண்டு கணக்கில் வரவு வைக்கப்பட்டிருந்தது.

உழாமல் விடுவது ஏன் அவ்வளவு முக்கியம் என்பதற்கு மண்ணைப் பார்க்கவேண்டும். நீலகிரியின் செம்மண் புளிப்பு மண். இரும்பும் அலுமினியமும் மிகுந்த அந்த மண்ணில் மணிச்சத்து இருந்தாலும் பூட்டிவைத்தது போலக் கிடக்கும், பயிருக்கு எளிதில் கிடைக்காது. சுண்ணாம்புச் சத்தை ஓயாத மழை கரைத்துக் கீழே கொண்டுபோய்விடும். குளிரால் மட்கு மெதுவாகத்தான் சிதையும் என்பதால் கன்னி நிலத்தில் கறுத்த மேல்மண் ஆழமாக இருக்கும். ஆனால் இரண்டு மூன்று ஆண்டு உழுதால் அந்தக் கறுப்பு வெளிறத் தொடங்கும். அப்போது விட்டுவிட வேண்டும். சில ஆண்டுகளில் புல்லின் வேர் மட்கைத் திரும்பச் சேர்க்கும், சரிவைப் பிடித்து நிறுத்தும். மறுபடி உழும்போது அந்தப் புல்லைப் புரட்டிப் போட்டாலும் எரித்தாலும் பயிருக்குச் சாப்பாடு. எரித்த சாம்பல் மண்ணின் புளிப்பையும் கொஞ்ச காலத்துக்குக் குறைக்கும். ஆக, உழாத ஆண்டு என்பது அந்தப் பண்ணையின் உரக்கிடங்கு. மூட்டையாக அடுக்கிவைக்காத உரக்கிடங்கு என்பதால் வெளியிலிருந்து வந்தவர் கண்ணுக்கு அது உரமாகத் தெரியவில்லை.

கம்பெனி வருவாய்க் கணக்கு இதைத் தொடக்கத்தில் ஓரளவு ஏற்றுக்கொண்டது என்பதை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். ஆங்கில ஆவணங்கள் ‘புர்த்தி’ என்ற மாதிரி எழுதும் முறையின்படி, ஒரு படுகக் குடும்பம் பரந்த நிலத்தில் சுழன்று உழும் உரிமையை வைத்துக்கொண்டு, உழுத பகுதிக்கு மட்டும் முழுத் தீர்வை கட்டிவந்தது. 1860-களில் நிலைமை மாறியது. காப்பிக்கும் தேயிலைக்கும் சிங்கோனாவுக்கும் நிலம் கேட்டு வெள்ளைக்காரத் தோட்டக்காரர்கள் வரிசையில் நின்றார்கள். ‘தரிசு’ நிலங்களை ஏலம் விடும் விதிகள் வந்தன, புர்த்தி முறை எடுக்கப்பட்டது. 1880-களின் நிலவரித் திட்டம் ஒவ்வொரு துண்டையும் அளந்து எல்லைக்கல் நட்டது. 1882-இன் சென்னை வனச் சட்டம் எஞ்சிய சரிவுகளைக் காப்புக்காடாக்கியது. இப்போது ஓர் உழவருக்கு முன்னால் இரண்டே வழிகள் இருந்தன. ஓய்விலிருக்கும் நிலத்துக்கும் தீர்வை கட்டி வைத்துக்கொள்வது, அல்லது விட்டுவிடுவது. வைத்துக்கொண்டவர் தீர்வைக்காகவாவது அதை உழவேண்டும். விட்டவருக்கு அது திரும்பி வராது, யாரோ ஒருவரின் டீத்தோட்டமாகவோ சீகை (வாட்டில்) மரக் காடாகவோ ஆகிவிடும். ஓய்வைத் தடை செய்து எந்த ஆணையும் பிறக்கவில்லை. ஓய்வுக்கு விலை வைத்தார்கள், அது போதுமானதாக இருந்தது.

இதற்கு எதிராகச் சொல்லப்படும் வாதங்களில் கனமானது மக்கள்தொகை பற்றியது. 1847-இல் ஔக்டர்லோனி அளவாய்வு செய்தபோது படுகர்கள் ஏறத்தாழ 6,500 பேர். 1901 கணக்கெடுப்பில் அவர்கள் 34,000-ஐத் தாண்டிவிட்டார்கள். அரை நூற்றாண்டில் ஐந்து மடங்கு. தீர்வை மாறாவிட்டாலும் ஓய்வுக்காலம் சுருங்கித்தான் இருக்கும், கடைசியில் பழைய முறை தானாகவே முறிந்திருக்கும் என்கிறது இந்த வாதம். இதில் பாதி உண்மை. பழைய கணக்குகளில் விடுபட்டவர்கள் பலர் இருப்பார்கள் என்று கழித்தாலும் பெருக்கம் பெருக்கம்தான். ஆனால் பெருகிய மக்கள் நெருங்கிய நிலம் எது என்றும் கேட்க வேண்டும். மக்கள் ஐந்து மடங்கான அதே காலத்தில்தான் சுழற்சிக்கு இருந்த சரிவுகள் ஏலத்திலும் காப்புக்காட்டிலும் போயின. மேலேயிருந்து பெருக்கமும் கீழேயிருந்து வேலியும் ஒரே நேரத்தில் நெருக்கும்போது, முறிவுக்குப் பெருக்கத்தை மட்டும் பொறுப்பாக்குவது கணக்கில் ஒரு பத்தியை மறைத்துவிட்டுக் கூட்டல் போடுவது போன்றது. ஓய்வுக்காலம் பத்து ஆண்டிலிருந்து ஐந்தாகச் சுருங்கியிருந்தால் உழவர்கள் என்ன செய்திருப்பார்கள் என்று பார்க்கும் வாய்ப்பே வரலாற்றில் அமையவில்லை. ஹட்டியை ஒட்டிய எருநிலத்தை அகலப்படுத்தியிருக்கலாம், மாடு பெருக்கியிருக்கலாம், அவரையோ பட்டாணியோ இடையில் போட்டிருக்கலாம். இதெல்லாம் ஊகம்தான். ஆனால் பழைய முறை தானாகவே அழிந்திருக்கும் என்பதும் ஊகம்தான்.

இன்னொரு வாதம் எனக்கு அதைவிடச் சங்கடமானது. உருளைக்கிழங்கை யாரும் படுகர்மேல் திணிக்கவில்லை. அவர்களே விரும்பி எடுத்தார்கள், அதில் செழித்தார்கள், பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள். மேட்டுப்பாளையம் மண்டிக்காரர்களின் பிடியிலிருந்து விடுபட படுகத் தலைவர் ஆரி கவுடர் முன்னின்று 1935-இல் நீலகிரி கூட்டுறவு விற்பனைச் சங்கத்தை நிறுவினார் என்றால், அது வேறெவரின் திட்டத்துக்கும் ஆளான சமூகத்தின் செயல் அல்ல. சாமைச் சோற்றுக் காலத்தைப் பொற்காலமாக வரைபவர்கள் இந்த இடத்தில் பேச்சை மாற்றிவிடுவதைப் பார்க்கிறோம். மாற்றத் தேவையில்லை. உருளைக்கிழங்கும் கார்போகத்தில் மழைப்பயிர்தான். ரசாயன உரம் வருமுன் எருவும் இலைதழையும் போட்டு விளைந்த பயிர்தான். ஆகவே மானாவாரியா பாசனமா, சொந்தப் பயிரா வந்த பயிரா என்ற கோடுகளைக் கிழித்து இந்த வரலாற்றைப் பிரிக்க முடியாது. பிரிக்கும் கோடு வேறிடத்தில் இருக்கிறது. சாமை நிலத்துக்கு விடுப்பு இருந்தது. ஆண்டுக்கு இரண்டு மூன்று போகம் என்று ஆன உருளைக்கிழங்கு நிலத்துக்கு அது இல்லை.

விடுப்பில்லாத நிலம் என்ன விலை கேட்டது என்பதைக் கிழங்கின் வரலாறே சொல்கிறது. நஞ்சநாட்டில் 1917-இல் உருளைக்கிழங்குக்கென அரசுப் பண்ணை வந்தது. எந்த ரகம், எந்த உரம், எவ்வளவு என்ற சோதனைகள் நடந்தன. 1957-இல் முத்தோரையில் மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் வந்தது. சரிவில் கிழங்குப் பாத்தியை மேலிருந்து கீழாக இழுப்பதே விவசாயிகளின் வழக்கம். குறுக்கே போட்டால் மழைநீர் தேங்கிக் கிழங்கு அழுகும். மேலிருந்து கீழாகப் போட்டால் நீர் வடியும், கூடவே மண்ணும் வடியும். ஊட்டியில் 1950-களில் அமைந்த மண்வளப் பாதுகாப்பு ஆராய்ச்சி மையம் படிமட்டம் அமைக்கச் சொல்லித் தலைமுறை தலைமுறையாக வாதாடியது இதற்காகத்தான். பிறகு 1961-இல் ஊட்டி அருகே தங்கநிற நூற்புழு கண்டுபிடிக்கப்பட்டது. முட்டைகளை உள்ளடக்கிய அதன் கூடுகள் கிழங்கே இல்லாமல் மண்ணில் பல ஆண்டுகள் காத்திருக்கக் கூடியவை. இங்கிருந்து விதைக்கிழங்கு வெளியே போவது தடைபட்டது. புழுக்கொல்லி மருந்துகள் மண்ணில் கொட்டப்பட்டன. 1960-களின் பிற்பகுதியில் இந்திய-ஜெர்மானிய நீலகிரி மேம்பாட்டுத் திட்டம் உரத்தையும் மருந்தையும் இன்னும் தாராளமாகக் கொண்டுவந்தது. 1985-இல் புழுவைத் தாங்கும் குஃப்ரி சுவர்ணா ரகம் வெளிவந்தது. இவ்வளவுக்கும் நடுவில் விஞ்ஞானிகள் விடாமல் சொன்ன ஓர் அறிவுரை உண்டு: அந்த நிலத்தில் மூன்று நான்கு ஆண்டு கிழங்கு போடாதீர்கள், முட்டைக்கோஸோ தானியமோ போட்டு மாற்றுங்கள். ஆய்வுக்கூடம் நூற்றாண்டுச் சுற்று சுற்றி, ஹட்டிக்காரர்கள் விட்ட இடத்துக்கே வந்து நிற்கிறது. அதற்குள் அறுபது சென்ட், எண்பது சென்ட் என்று துண்டாகிவிட்ட நிலத்தில் நான்கு ஆண்டு கிழங்கைத் துறக்க யாரால் முடியும்?

முடியாதவர்கள் தேயிலைக்குப் போனார்கள். 1962-இல் குந்தையில் முதல் கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலை வந்தபிறகு சிறுவிவசாயிக்கும் கொழுந்தை விற்க இடம் கிடைத்தது. அடுத்த மூன்று பத்தாண்டுகளில் கிழங்கு வயல்கள் பச்சைக் கம்பளமாயின. தேயிலைக்காகப் பேசுபவர்கள் ஒரு நியாயமான கேள்வி கேட்கிறார்கள். உழவே வேண்டாத, சரிவை மூடி நிற்கும், மழையை மட்டும் குடித்து நூறாண்டு வாழும் பயிரைவிட இந்த மலைக்கு உகந்தது எது? மண் அரிப்பைப் பொறுத்தவரை அவர்கள் சொல்வது சரி. நன்கு மூடிய டீத்தோட்டத்துக்கும் மேலிருந்து கீழாகப் பாத்தி போட்ட கிழங்கு வயலுக்கும் ஒப்பே இல்லை. ஆனால் தேயிலை ஓய்வெடுக்காத பயிர்களின் உச்சம். பத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை கொழுந்து கிள்ளும் நிலத்திலிருந்து தழைச்சத்து தொடர்ந்து தொழிற்சாலைக்குப் போய்க்கொண்டே இருக்கும், அதைத் தொடர்ந்து மூட்டையில் திரும்பக் கொண்டுவந்தாக வேண்டும். சோவியத் ஒன்றியம் சிதறி அந்தச் சந்தை ஆட்டம் கண்டபின், 1990-களின் இறுதியில் பச்சைத் தேயிலை விலை சரிந்தபோது, உர மூட்டையின் விலை மட்டும் சரியவில்லை. சாமை நிலத்துக்காரர் விலை வீழ்ந்தால் ஓராண்டு விட்டுவிடுவார். தேயிலையை ஓராண்டு விட்டால் அது மரமாகிவிடும்.

இந்தப் பின்னணியில்தான் இன்று நீலகிரியில் நடக்கும் இயற்கை வேளாண் முயற்சிகளைப் பார்க்கவேண்டும். தமிழக அரசு 2023-இல் அங்கக வேளாண்மைக் கொள்கையை வெளியிட்டது. கோத்தகிரியின் கீஸ்டோன் அமைப்பு இருளர், குறும்பர் கிராமங்களில் சிறுதானியச் சாகுபடியைத் திரும்பக் கொண்டுவர உழைத்திருக்கிறது. ரசாயனத்தை விட்டு மழையை நம்பி ஓர் ஏக்கரில் முயன்று பார்ப்பவர்கள் ஆங்காங்கே இருக்கிறார்கள். இவர்களைப் பற்றி எழுதும் எல்லாரும் ‘முன்னோர் வழிக்குத் திரும்புதல்’ என்று எழுதுகிறார்கள். அந்தச் சொல் முயற்சியின் கடினத்தைக் குறைத்துக் காட்டுகிறது. முன்னோர் வழியில் ஓர் ஏக்கர் பயிருக்குப் பின்னால் பல ஏக்கர் புல்லும், புல்லுக்குப் பின்னால் எருமைகளும் நின்றன. இன்று அந்த ஓர் ஏக்கர் தனியாக நிற்கிறது. புல்வெளி சீகையாகவும் கற்பூர மரமாகவும் ஆகிவிட்டது. தழை வெட்டப் போனால் காப்புக்காடு, மாடு வைத்திருக்கும் வீடு அருகிவிட்டது. ஆகவே ரசாயனத்தை விட்டவருக்கும் கோழி எரு லாரியில் மலையேறி வருகிறது. பெயர் இயற்கை எரு என்றாலும், வெளியிலிருந்து வாங்கும் மூட்டை என்ற கணக்கில் யூரியாவுக்கும் அதற்கும் பெரிய தூரமில்லை.

இதனால் அந்த முயற்சிகள் வீண் என்று நான் சொல்லவில்லை. அவை திரும்புதல் அல்ல, முன்பு எவரும் இந்த மலையில் செய்யாத சோதனை என்றே சொல்கிறேன். பல ஏக்கரில் பல ஆண்டுகளில் நடந்த ஓய்வை ஓர் ஏக்கருக்குள் மடித்து வைக்கமுடியுமா என்பதே அந்தச் சோதனை. அவரை, பட்டாணி, லூப்பின் போன்ற பயறுவகைகளை விதைத்து மடக்கி உழுவது, சீகையையும் உண்ணிச்செடியையும் வெட்டி மூடாக்குப் போடுவது, நிலத்தின் நாலில் ஒரு பங்கை முறைவைத்துப் புல்லுக்கு விடுவது எல்லாம் அதன் உறுப்புகள். இதில் கடைசியாகச் சொன்னதுதான் பழைய முறைக்கு மிக நெருக்கமானது. கையில் பணமில்லாதவருக்கு மிகத் தொலைவானதும் அதுவே. 2009 நவம்பர் 10-இல் கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அந்த நாட்களின் மண்சரிவுகளில் மாவட்டமெங்கும் நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். சாலை வெட்டியதும் கட்டடம் எழுப்பியதும் ஓடை அடைத்ததும் சரிவுக்குக் காரணங்களே, உழவின்மேல் மட்டும் பழி போடுவது அநியாயம். ஆனாலும் புல்வேர் பிடித்து நிற்கும் நாலில் ஒரு பங்கு, அந்த மழையில், பக்கத்து நிலக்காரருக்கும் கீழ்ச்சரிவு வீட்டுக்காரருக்கும் பயன் தரும் ஒன்று. அதன் பயன் ஊருக்கு, அதன் நட்டம் ஒருவருக்கு என்பதே இப்போதைய ஏற்பாடு.

ஏற்பாடு மாறவேண்டும் என்றால் முதலில் சொல் மாறவேண்டியிருக்கும். ஓய்வெடுக்கும் நிலத்துக்கும் ஒன்றுக்கும் உதவாத நிலத்துக்கும் நாம் தரிசு என்ற ஒரே சொல்லை வைத்திருக்கிறோம். அரசின் நிலப் பயன்பாட்டுப் புள்ளிவிவரம் இதைக் கொஞ்சம் நுணுக்கமாகப் பிரிக்கிறது: ஓராண்டு உழாமல் விட்டால் நடப்புத் தரிசு, ஐந்தாண்டு வரை பிற தரிசு, அதற்கும் மேல் போனால் ‘சாகுபடிக்கேற்ற தரிசு’, அதாவது யாராவது எடுத்து உழவேண்டிய வீண்நிலம். க்ரூவின் பண்ணைக்குப் பக்கத்துச் சரிவில், ஆறாம் ஆண்டுப் புல்லோடு அடுத்த உழவுக்குக் காத்திருந்த சாமை நிலம் இன்று இருந்தால், அது அந்த மூன்றாவது பத்தியில்தான் பதிவாகும்.